பாசிகளைத் தேடிச் சென்ற பயணி: ரிச்சர்டு ஸ்ப்ரூஸ்

தாவரவியல் பயிலும் நாம் அனைவரும் இருசொற்பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். பேரினப் பெயர், சிற்றினப் பெயர் ஆகிய இரண்டையும் தேர்வுக்காக நினைவில் இருத்திக்கொண்டு, அவற்றின் பின்னே சிறிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். லின்னேயஸ் என்றால் ஓர் எழுத்து. பெந்தம், ஹூக்கர் என்றால் சில எழுத்துகள். மதிப்பெண்ணுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆயினும் அந்தச் சில எழுத்துகளுக்குள் ஒரு முழு வாழ்க்கை அடங்கியிருப்பதுண்டு.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், இலைகளின் மேலேயே படர்ந்து வளரும் மிகச் சிறிய லிவர்வொர்ட்டுகள் உள்ளன. வெறுங்கண்ணால் பார்த்தால் இலையில் பச்சை அழுக்கு படிந்தது போலத் தோன்றும். அவற்றுள் பல கோலோலெஜூனியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஸ்ப்ரூஸ் என்று எழுதியிருக்கும். கைலோலெஜூனியா, டிரெப்பனோலெஜூனியா ஆகியவற்றுக்குப் பின்னாலும் அவ்வாறே. ஒருவர் ஒரு தொகுதியை முதலில் துணைப்பேரினமாக வகுத்து, பின்வந்தோர் அதைப் பேரினமாக உயர்த்தினால், முன்னவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்பது பெயரிடல் விதி. இலைப்பரப்பில் வாழும் அந்த நுண்ணிய கூட்டத்தை முதன்முதலாக ஒழுங்குபடுத்திக் காட்டியவர், அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த மனிதர்தாம். அவர் யாரென்று தேடத் தொடங்கியபோது, அவர் சேர்த்த விதைகள் நம் நீலகிரி வரை வந்திருக்கின்றன என்பதை அறிந்தேன். ஆகவே இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் 1817-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கேந்தார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஊர்ப் பள்ளி ஆசிரியர். செல்வம் இல்லை. பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பும் இல்லை. அக்காலத்தில் அந்நாட்டில் இயற்கை ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் நிலவுடைமையாளர்களுக்கும், பாதிரியார்களுக்கும், மருத்துவர்களுக்கும் உரிய பொழுதுபோக்கு. ஆசிரியர் மகனுக்குக் கணிதமும் இலத்தீனுமே மூலதனம். பதினாறாம் வயதில், ஊரைச் சுற்றித் தாம் கண்ட தாவரங்களை அகரவரிசையில் எழுதிவைத்தார், 403 இனங்கள்! மூன்றாண்டுகள் கழித்து மால்ட்டன் வட்டாரத்தின் பூக்கும் தாவரங்கள் 485-ஐப் பட்டியலிட்டார். பதினாறு வயதில் என் ஊரில் எத்தனை செடிகளின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். ஆவாரை, எருக்கு, தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி என்று விரல்விட்டு எண்ணியதில் நாற்பதைத் தாண்டவில்லை.

யார்க் நகரப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்த வேலையில் அவருக்கு விருப்பமில்லை, உடல்நலமும் சரியில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பாசி தேடிப் போனார். இங்கே பாசி என்று நான் சொல்வது குளத்து நீரில் படரும் ஆல்காவை அன்று. மாஸ், லிவர்வொர்ட் ஆகிய பிரையோஃபைட்டுகளை. டீஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கில் அதுவரை நான்கே நான்கு மாஸ்கள் பதிவாகியிருந்தன. ஸ்ப்ரூஸ் அங்கே போய்வந்து 167 மாஸ்களையும் 41 லிவர்வொர்ட்டுகளையும் எழுதினார். இடம் புதியதன்று, அவற்றைத் தேடும் பார்வைதான் அங்கே புதிதாக வந்தது.

1844-இல் அப்பள்ளி மூடப்பட்டது. வேலை போயிற்று. அடுத்த ஆண்டு பைரனீஸ் மலைகளுக்குச் சென்று தாவரங்களைத் திரட்டி, அவற்றை விற்றுச் செலவை ஈடுகட்டினார். இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். விக்டோரியா காலத்துத் தாவரப் பயணிகள் எல்லோரும் அரசுப் பணத்தில் உலகம் சுற்றியவர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஸ்ப்ரூஸ் அப்படியில்லை. ஒரே செடியில் பல கிளைகளை ஒடித்துக் காயவைத்துத் தொகுதி தொகுதியாகக் கட்டி அனுப்புவார். லண்டனில் ஜார்ஜ் பெந்தம் அவற்றைப் பெற்று, பெயரிட்டு, முன்பதிவு செய்த சந்தாதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பணம் வசூலித்து அனுப்புவார். நாம் வகைப்பாட்டியலில் பயிலும் பெந்தம்–ஹூக்கர் முறையின் அதே பெந்தம்தான். இந்த உதவிக்குக் கைம்மாறாக அவருக்கு ஒரு முழுத் தொகுதி கிடைத்தது. ஆக, காட்டில் ஸ்ப்ரூஸ் உண்ட உணவு, அவர் காயவைத்த இலைகளிலிருந்து வந்தது.

1849-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லிவர்பூலிலிருந்து பாய்க்கப்பலில் புறப்பட்டு, ஜூலையில் அமேசான் முகத்துவாரத்திலுள்ள பாரா துறைமுகத்தில் இறங்கினார். அப்போது வயது 31. திரும்பி வந்தபோது 46. பதினைந்து ஆண்டுகள்!

அந்தப் பதினைந்து ஆண்டுகளின் வழித்தடத்தைப் படத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தால் தென்னமெரிக்காவின் அகலம் முழுவதையும் கடந்துவிடுவோம். முதலில் சாந்தரெம், அங்கே ஆல்பிரட் ரசல் வாலஸைச் சந்தித்தார். டார்வினோடு சேர்த்து நாம் படிக்கும் அந்த வாலஸ், அன்று பணமில்லாத இளம் பூச்சி சேகரிப்பாளர். இருவருக்கும் ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது. பிறகு மனாஸ், அங்கிருந்து கருநிற நீர் ஓடும் ரியோ நெக்ரோ ஆறு, அதன் கிளையாகிய உவாப்பெஸ், அமேசான், ஒரினோக்கோ ஆகிய இரு பேராறுகளையும் இயற்கையாகவே இணைக்கும் கசிகியாரே கால்வாய். பின்னர் மேற்கே திரும்பி, பெரு நாட்டின் தாரப்பொத்தோவில் ஏறத்தாழ ஈராண்டுகள். அங்கே சுற்றுவட்டாரத்தில் மட்டும் 250 வகைப் பெரணிகளைச் சேர்த்தார். அடுத்து எக்குவடோர் நாட்டின் ஆண்டிஸ் மலைகள்.

நம் ஆய்வகத்தில் ஒரு செடியை ஹெர்பேரியம் தாளில் அழுத்திக் காயவைக்க ஒரு வாரம் போதும். செய்தித்தாளை மாற்றினால் போயிற்று. ஆண்டு முழுவதும் மழை பொழியும் காட்டில், ஈரமான படகில், எறும்பும் கறையானும் பூஞ்சையும் போட்டி போடும் இடத்தில் காயவைப்பதை எண்ணிப் பாருங்கள். தாள் தீர்ந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மரங்கள் நூறடி உயரம், பூ உச்சியில். பூவுக்காக ஒரு மாபெரும் மரத்தையே வெட்டிச் சாய்ப்பது முதலில் அவருக்குப் பொறுக்கமுடியாத செயலாகத் தோன்றியிருக்கிறது. நாளடைவில் பழகிப்போனது என்று அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார். இத்தகைய இடங்களில்தான் அவர் எழுத்தின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது. தம்மை வீரராகக் காட்டிக்கொள்ளும் ஆர்வம் அவரிடம் மிகக் குறைவு.

ஆபத்துகளுக்கும் குறைவில்லை. 1854-இல் ஒரினோக்கோ ஆற்றங்கரையில் மைப்பூரெஸ் என்னுமிடத்தில் முறைக்காய்ச்சல் கண்டு ஒரு மாதத்துக்கும் மேல் சாகக் கிடந்தார். கொயினா உண்டுதான் பிழைத்தார். அதே ஆண்டின் இறுதியில், ரியோ நெக்ரோவில் திரும்பும்போது, தம் படகோட்டிகள் தம்மைக் கொல்லத் திட்டமிட்டுப் பேசிக்கொண்டதைத் தூளியில் படுத்தவாறே கேட்டார். அவர்கள் மொழி அவருக்குப் புரியும் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வயிறு சரியில்லை என்று பாவனை செய்து வெளியேறி, படகில் ஏறி, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு விடியும்வரை விழித்திருந்தார். அமேசான் பகுதியின் 21 மொழிகளில் சொற்களைத் தொகுத்துவைத்தவர் அவர். மொழி கற்பது உயிரையும் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

இனி சின்கோனாவுக்கு வருவோம். நம் ஊர்களில் முதியவர்கள் மிகக் கசப்பான எதையும் 'கொயினா மாதிரி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் பாட்டி இன்றும் சொல்கிறார். அது ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்த சொல் என்பது அவருக்குத் தெரியாது. சின்கோனா, ரூபியேசி குடும்பத்து மரம். காப்பி, இட்லிப்பூ, நம் மஞ்சணத்தி எல்லாம் அதே குடும்பம். அதன் தாயகம் ஆண்டிஸ் மலைச் சரிவு. பட்டையிலுள்ள கொயினாவை 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தெடுத்தனர். அதன்பின் உலகமே அதற்கு ஏங்கியது. வெப்ப நாடுகளில் ஆட்சி நடத்திய ஐரோப்பியர்களுக்கு அது இல்லாமல் முடியாது என்றாயிற்று. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் பட்டை வாங்கியே பெரும் பணம் செலவாயிற்று. ஆகவே மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்து, கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. மார்க்கம் தாமே சென்று கொண்டுவந்த கன்றுகள் 1860-இல் உதகை வந்து சேர்ந்தன, ஆனால் பிழைக்கவில்லை. எக்குவடோரின் செம்பட்டைச் சின்கோனாவைச் சேர்க்கும் வேலை ஸ்ப்ரூஸிடம் வந்தது.

1860 ஏப்ரல் 29-ஆம் நாள் காலை கண்விழித்தபோது ஸ்ப்ரூஸுக்கு இடது காது கேட்கவில்லை. முதுகும் கால்களும் அசையவில்லை. அதன்பிறகு அவர் முழு நலம் பெறவே இல்லை. அந்த உடலோடுதான் அவ்வாண்டின் பிற்பகுதியில் சிம்பராசோ மலையின் மேற்குச் சரிவிலுள்ள லிமோன் என்னுமிடத்துக்குச் சென்று வேலையைத் தொடங்கினார். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மரங்கள் பெரும்பாலும் பட்டைக்காக வெட்டப்பட்டுவிட்டன. வெட்டிய அடிமரங்களிலிருந்து கிளைத்தவையே மிஞ்சியிருந்தன. நில உரிமையாளர்களிடம், பட்டையைத் தொடுவதில்லை, விதையும் கன்றும் மட்டுமே எடுப்போம் என்று உறுதி கூறி 400 டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தார். கியூ தோட்டத்திலிருந்து ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். கிராஸ் தண்டுகளை நட்டு வேர்விடச் செய்தார். புழுக்களையும் வெயிலையும் விரட்டிக் காத்தார். ஸ்ப்ரூஸ் காய்களைப் பறித்து விரித்து உலர்த்தினார். சின்கோனா விதை ஊதினால் பறக்கும் சிறு இறகு போன்றது. அத்தகைய விதைகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் சேர்ந்தன.

வேரூன்றிய கன்றுகளைக் கண்ணாடி மூடிய வார்டு பெட்டிகளில் வைத்து, மரத்தெப்பத்தில் ஏற்றி, வளைவுகள் மிகுந்த ஆற்றில் குவாயாகில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தெப்பம் கரைமரங்களில் மோதி மோதி வந்தது. எல்லாம் கடந்து, 1861 ஜனவரித் தொடக்கத்தில் 637 கன்றுகள் கப்பலேறின. கிராஸ் கூடவே வந்து அவற்றை உதகையில் சேர்ப்பித்தார். ஸ்ப்ரூஸ் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

உதகையில் தாவரத் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மக்கைவர் இவ்விதைகளையும் கன்றுகளையும் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். இங்கே ஒரு நுட்பத்தைத் தாவரவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மரத்தை வெட்டிவிட்டால் பட்டை ஒருமுறைதான். மக்கைவர், பட்டையை நெடுக்குவாட்டில் நாடா நாடாகக் கவனமாக உரித்தெடுத்து, உரித்த இடத்தின் மேல் ஈரமான மாஸை வைத்துக் கட்டச் செய்தார். அதற்கடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அது மட்டுமா? புதிதாக வளர்ந்த பட்டையில் அல்கலாய்டு முன்னதைவிட மிகுதியாக இருந்தது! ஸ்ப்ரூஸ் தம் வாழ்நாளெல்லாம் நேசித்தவை மாஸ் வகைகள். அவர் அனுப்பிய மரத்தின் காயத்தை ஆற்ற நீலகிரியில் கட்டியதும் மாஸ். இந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் என் பக்கத்திலிருந்த தோழியிடம் இரண்டுமுறை சொன்னேன். அவள் முதல்முறையே கேட்டுவிட்டாள் என்றாள்.

செம்பட்டையில் ஒரு குறை இருந்தது. மற்ற அல்கலாய்டுகள் நிறைய உண்டு. கொயினா மட்டும் குறைவு. அந்த மற்ற மூன்று அல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தீர்க்குமா என்று ஆராய 1866-இல் சென்னையில் மருத்துவக் குழு அமைக்கப்பட்டது. தீர்க்கும் என்றே முடிவு வந்தது. அதனால் அவற்றைக் கலவையாகவே மலிவான மருந்தாக்க முடிந்தது. ஆனால் வாணிகத்தில் வென்றவர்கள் டச்சுக்காரர்கள். சார்லஸ் லெட்ஜர் என்னும் வணிகர் பொலிவியாவிலிருந்து பெற்ற விதையில் ஒரு பவுண்டை 1865-இல் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அதில் கொயினா பன்மடங்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே வந்தது. இலங்கையில் காப்பிச் செடிகளைத் துருநோய் அழித்தபின் தோட்ட முதலாளிகள் சின்கோனாவை நட்டார்கள்; எல்லோரும் நட்டதால் விலை வீழ்ந்து, பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். காப்பிக்கும் சின்கோனாவுக்கும் தேயிலைக்கும் மலை திருத்திய கைகள் பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர்களுடையவை. எந்தத் தாவரவியல் நூலிலும் அவர்கள் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் இல்லை. நம் வால்பாறைக்கு அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. இப்போது அங்கே தேயிலை.

ஸ்ப்ரூஸ் செய்தது திருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அவர் மறைந்து எடுக்கவில்லை; பணம் கொடுத்து ஒப்பந்தத்தின் பேரில் எடுத்தார். எக்குவடோர் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது அவர் கன்றுகள் போனபின், 1861-இல்தான். ஆகவே சட்டப்படி அவர் மேல் குற்றமில்லை எனலாம். ஆனால் 400 டாலர் போய்ச்சேர்ந்தது நிலக்கிழார்களிடம். எந்த மரம் சிவப்பு, எது வெள்ளை, எந்தச் சரிவில் நிற்கும் என்று தலைமுறைகளாக அறிந்திருந்த பட்டை உரிப்போருக்கு நாட்கூலிதான் கிட்டியது. லெட்ஜருக்கு விதை சேர்த்துக் கொடுத்த மானுவேல் இங்க்ரா மமானி என்னும் பழங்குடி மனிதர், பின்னொருமுறை விதை சேர்த்தபோது பிடிபட்டுச் சிறையில் அடிபட்டு உயிரிழந்தார். இன்று 1992-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மை உடன்படிக்கையும், நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டமும், பயனில் பங்கு தர வேண்டும் என்கின்றன. ஸ்ப்ரூஸின் காலத்தில் அந்த எண்ணமே எழவில்லை. கொயினா இந்திய உயிர்களைக் காத்ததும் உண்மை. அது முதலில் படைவீரர்களையும் அதிகாரிகளையும் நினைத்து நடப்பட்டது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது படித்தவர்களுக்கு அழகில்லை என்று கருதுகிறேன்.

இத்தனைக்கும் நடுவில், விதை சேர்த்தவருக்குக் கிடைத்தது என்ன? 1861-இல், அவர் சேமிப்பு முழுவதையும் போட்டுவைத்திருந்த குவாயாகில் வணிக நிறுவனம் முறிந்து, 700 பவுன் பறிபோயிற்று. 1864-இல் நடக்கவும் முடியாத நிலையில் நாடு திரும்பினார். 1865-இல் ஆண்டுக்கு 50 பவுன் ஓய்வூதியம் கிடைத்தது. மார்க்கம் விடாமல் போராடி, 1877-இல் இந்திய அரசிடமிருந்து மேலும் 50 பவுன் பெற்றுத் தந்தார். யார்க்ஷயரில் கோனிஸ்தார்ப் என்னும் சிற்றூரில் ஒரு சிறு குடிசை வீட்டில், பிறந்த ஊருக்கு அருகிலேயே, வாழ்நாளைக் கழித்தார். நிமிர்ந்து உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்க இயலாது. சாய்ந்தும் படுத்தும் சிறிது நேரம் பார்ப்பார். வலி வந்தால் நிறுத்துவார்.

அப்படிச் சிறிது சிறிதாகப் பார்த்து எழுதியதுதான் 1884, 85-ஆம் ஆண்டுகளில் எடின்பர்க் தாவரவியல் கழகம் வெளியிட்ட அமேசான், ஆண்டிஸ் லிவர்வொர்ட்டுகள் பற்றிய பெருநூல். 700-க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றுள் 400-க்கும் மேற்பட்டவை அறிவியலுக்குப் புதியவை. நாம் முதலில் கண்ட லெஜூனியாக் கூட்டத்தின் பாகுபாடு இந்நூலில்தான் வருகிறது. ரிக்சியாவின் குறுக்குவெட்டை ஒழுங்காக எடுக்கவே நான் மூன்று வகுப்புகள் திண்டாடினேன். இலைப்பரப்பின் ஒரு மில்லிமீட்டர் செடியில் செல்களை எண்ணி வரைந்த அந்த நோயாளியின் பொறுமையை எதனோடு ஒப்பிடுவது?

லிவர்வொர்ட்டுகளின் பயனைப் பற்றி அவர் எழுதிய ஒரு கருத்து தாவரவியலார் நடுவே புகழ்பெற்றது. இவற்றால் மனிதனுக்கு மயக்க மருந்து இல்லை, வாந்தி மருந்து இல்லை, உணவும் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவை தமக்குத் தாமே பயனுள்ளவை, அழகானவை. எந்த உயிரும் இருப்பதற்கு முதற்காரணம் அதுவே என்கிறார். சின்கோனாவைக் கொண்டுவந்த கையே இதையும் எழுதியது என்பதுதான் வியப்பு. உலகம் எது பயனுள்ளது என்று போற்றியதோ அதற்காகத் தம் உடலைக் கொடுத்தார். மீதியிருந்த உயிரைப் பயனற்றதென்று பிறர் கருதியதற்குக் கொடுத்தார்.

என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாவரவியலில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும், "செடி கொடி படிக்கவாம்மா தெனமும் பஸ் ஏறிப் போற? அதுதான் நம்ம கொல்லையிலேயே கெடக்குதே!" என்றார் மாமா. கேலிக்காகச் சொல்லவில்லை, பேருந்துக் கட்டணத்தையும், படித்து முடித்தபின் வேலை என்ன என்பதையும் சேர்த்தே கேட்டார். நம்மில் பலருடைய வீடுகளில் இக்கேள்வி இருக்கிறது. அதற்கு இதுவரை நான் சொல்லிவந்த விடை, செடியிலிருந்து மருந்து வரும், ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆசிரியர் பணிக்குப் போகலாம் என்பது. சின்கோனாக் கதையைச் சொன்னால் மாமா ஏற்றுக்கொள்வார். லிவர்வொர்ட்டுக் கதையை எப்படிச் சொல்வது? அதையும் சொல்லிப் பார்த்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்தாளு சோத்துக்கு என்ன பண்ணாரு?" என்று கேட்டார். ஆண்டுக்கு நூறு பவுன் என்றேன். "அப்ப சரி" என்றார். ஸ்ப்ரூஸுக்கும் அந்தக் கேள்வி கடைசிவரை இருந்தது. இலை விற்றுத்தான் அவர் இலையைப் படித்தார். வயிற்றுக்கான வழியை ஒருபுறம் தேடிக்கொண்டே அவர் பாசியைப் பார்த்தார் என்பது எனக்குத் தெம்பு தருகிறது.

பட்டம் இல்லாத அவருக்கு 1864-இல் ஜெர்மானிய இயற்கை அறிஞர் கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1893 டிசம்பர் 28-ஆம் நாள், 76-ஆம் வயதில் மறைந்தார். ரப்பர் மரத்தின் உறவினமாகிய ஹீவியா ஸ்ப்ரூசியானாவும், ஸ்ப்ரூசியாந்தஸ் என்னும் லிவர்வொர்ட் பேரினமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவருடைய பயணக் குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டி, 85 வயதில் வாலஸ் 1908-இல் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். நண்பர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துச் செய்த பணி அது. அத்தொகுதிகள் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் பழையது, நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்பேசித் திரையில்தான் படித்தேன். ஆற்றுப் பகுதிகளைத் தாண்டி ஆண்டிஸ் பகுதிக்கு வந்துவிட்டால் வேகம் பிடிக்கிறது.

அந்த நூலில் வரும் ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1852-இல் உவாப்பெஸ் ஆற்றங்கரையில் பழங்குடி மக்கள் விழாவொன்றில் காப்பி என்னும் பானம் அருந்துவதை ஸ்ப்ரூஸ் கண்டார். நாம் குடிக்கும் காப்பி அன்று. ஒரு கொடியின் தண்டை இடித்துப் பிழிந்தது, மனக்காட்சிகளை எழுப்புவது. மற்றவர்களாயின் விந்தை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் கொடியைத் தேடிப் பிடித்து, பூவும் காயும் சேர்த்து, புதிய இனமென்று கண்டு பெயரிட்டார். அதன் தண்டுகளையும் ஒரு கட்டாகக் கட்டி, வேதியியலார் சோதிக்கட்டும் என்று இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்தக் கட்டு யாராலும் சோதிக்கப்படாமல் கியூ தோட்டத்து அருங்காட்சியகத்தில் கிடந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின், ஹார்வர்டின் ரிச்சர்டு எவன்ஸ் ஷுல்டிஸும் சுவீடன் நாட்டு வேதியியலாரும் அதை எடுத்துப் பகுப்பாய்வு செய்து 1969-இல் முடிவை வெளியிட்டார்கள். அவ்வளவு காலம் கழிந்தும், ஸ்ப்ரூஸ் தம் கையால் கட்டிய அத்தண்டுகளில் அல்கலாய்டு அப்படியே இருந்தது.